பத்துச் சதக் கறுப்புக் கொப்பி

இரவில் விமானம் இறங்கும்போது யன்னலோரம் இருந்தவர்கள் அந்த விளக்குகளைக் கண்டிருப்பார்கள். ஓடுபாதையின் இரு கரையிலும் வெள்ளை, பக்கத்தில் விமானங்கள் ஊர்ந்து செல்லும் பாதைகளில் நீலம். ஓடுபாதை தொடங்கும் இடத்தைப் பச்சையும் முடியும் இடத்தைச் சிவப்பும் காட்டும். அதன் நுனியில் பெரிய இலக்கம் ஒன்று எழுதியிருக்கும். கட்டுநாயக்காவில் ஒரு முனையில் 04, மறுமுனையில் 22. காந்த வடக்கிலிருந்து ஏறத்தாழ 40 பாகை, 220 பாகை என்பதே அதன் பொருள்.

இவையெல்லாம் தாளில் வரையப்பட்டு விமானியிடம் இருக்கும். உலகெங்கும் விமானிகள் பலர் அந்தத் தாளை ‘ஜெப்’ என்று அழைக்கிறார்கள். அது ஒரு மனிதரின் பெயர்.

எல்ரே ஜெப்பசன் 1907 இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பிறந்தார். பெற்றோர் டென்மார்க்கிலிருந்து குடிபெயர்ந்தவர்கள். ஒரிகனில் வளர்ந்த அவர், இருபது வயதளவில் முதலாம் உலகப்போர்க் காலத்துப் பயிற்சி விமானம் ஒன்றை 500 டொலருக்கு வாங்கி, வான் சாகசக் குழுவொன்றுடன் ஊர் ஊராகப் பறந்தார்.

1930 இல் தபால் விமானியானார். சோல்ட் லேக் சிற்றிக்கும் செயெனுக்கும் இடையிலான மலைவழி அவருடையது. வழி நெடுக ஏறத்தாழ 10 மைலுக்கு ஒரு சுழல் விளக்குக் கோபுரம் இருந்தது. இடையிடையே அவசரமாக இறங்க வெறும் புல்வெளிகள் இருந்தன. எல்லையைச் சுற்றி வெள்ளை விளக்கு, இறங்கத் தகுந்த பக்கத்தில் பச்சை, தடை இருக்கும் இடத்தில் சிவப்பு. வானம் தெளிந்திருந்தால் இவை போதும். முகில் மூடினால் எதுவும் தெரியாது. விமானிகளுக்கென்று ஒழுங்கான வரைபடம் இருக்கவில்லை. வீதி வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு, தண்டவாளத்தைப் பார்த்தபடி பறந்தார்கள். எந்த மலை எவ்வளவு உயரம், எந்த வெளியில் மழைத்தண்ணீர் தேங்கும் என்பதெல்லாம் அனுபவசாலிகளின் மனதில் மட்டுமே இருந்தன. அவர்கள் மலையில் மோதி இறந்தபோது அந்த அறிவும் சேர்ந்தே போனது. சக விமானிகளின் சாவுகள் ஜெப்பசனை உலுக்கின.

பத்துச் சதத்துக்கு ஒரு சிறிய கறுப்புக் கொப்பி வாங்கினார். தான் இறங்கும் ஒவ்வொரு வெளியின் நீளம், சரிவு, வடிகால், விளக்குகள், பக்கத்து மரங்கள், மின்கம்பிகள் எல்லாவற்றையும் குறித்து, வெளியின் உருவத்தையும் வரைந்தார். விடுமுறை நாட்களில் உயரமானியைக் கையிலெடுத்துக்கொண்டு குன்றுகளிலும் புகைபோக்கிகளிலும் தண்ணீர்த் தாங்கிகளிலும் ஏறி அளந்தார். வழியிலிருந்த விவசாயிகளின் தொலைபேசி இலக்கங்களும் கொப்பியில் இருந்தன. புறப்படுமுன் அழைத்து, அங்கே மழையா, முகில் எவ்வளவு கீழே நிற்கிறது என்று கேட்கலாம். என்னைக் கேட்டால் அந்தக் கொப்பியின் ஆகச் சிறந்த பகுதி இதுதான். வானிலையை அறிய, அந்த மண்ணில் நிற்பவரையே அவர் கேட்டார்.

மற்ற விமானிகள் பிரதி கேட்டார்கள். முதலில் சும்மா கொடுத்தார். கேட்பவர்கள் கூடியதும் 10 டொலர் விலை வைத்தார். 1934 இல் அது நிறுவனமாகியது. விமானப் பணிப்பெண்ணாக இருந்த நாடின் என்பவரை 1936 இல் மணந்தார். அவரும் தொழிலில் தோள் கொடுத்தார். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படை இந்த வரைபடங்களைப் பயன்படுத்தியது. உயிரைக் காக்க வரைந்தவை போருக்கும் போயின. வரைபடங்கள் அப்படித்தான், யார் கையில் இருக்கின்றன என்பதே கணக்கு. 1961 இல் நிறுவனத்தை விற்றார்.

1996 நவம்பரில், 89 ஆவது வயதில் காலமானார். டென்வர் சர்வதேச விமான நிலையத்தின் முனையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தாள்கள் இப்போது திரைக்கு மாறிவிட்டன. ஒரு விமான நிலையத்தில் இறங்குவதற்கான ‘ஜெப்’பைத் திறந்தால், மேற்பகுதியில் சிறு கட்டங்கள் இருக்கும். அவற்றில் ஒன்று, அந்த நிலையத்தின் வானிலையை வானொலியில் கேட்பதற்கான அலைவரிசை. விவசாயிகளின் தொலைபேசி இலக்கங்கள் செய்த வேலையை இப்போது அது செய்கிறது.