கப்பித்தான் காதர் மொகிதீன் மரைக்காயர்

சோழமண்டலக் கரையிலுள்ள பறங்கிப்பேட்டை, மரக்கலம் ஓட்டி வாணிபம் செய்த மரைக்காயர் குடும்பங்கள் வாழ்ந்த சிற்றூர். மர்ஹூம் காதர் மொகிதீன் மரைக்காயர் அவர்களின் பூர்வீகமும் அதுவே.

1786ல் ஆங்கிலக் கம்பெனியார் பினாங்கில் கொடியேற்றியதும் நம்மவர் பலர் அங்கு கடை விரித்தனர். வாணிபத்தில் சிறந்து விளங்கிய மரைக்காயர் அவர்களை 1801ல் அரசு தென்னிந்தியர்களுக்குக் கப்பித்தானாக நியமித்தது. நம்மவர் வழக்குகளைத் தீர்ப்பதும், குறைகளை அரசுக்கு எடுத்துரைப்பதும் அவர்கள் பொறுப்பாயின. பிட் தெருவில் கப்பித்தான் பள்ளி எழுந்ததும் அவ்வாண்டில்தான்.

1834ல் வபாத்தாகுமுன் உயில் எழுதி, சொத்தில் ஒரு பகுதியை வக்பு செய்தார்கள். பள்ளிக்கு அருகிலேயே அடங்கியிருக்கிறார்கள். சந்ததியார் மலாய்க் குடும்பங்களோடு கலந்தனர். மரைக்காயர் என்ற பெயர் மெரிக்கன் ஆயிற்று.

பின்னாளில் இந்நாட்டு அறச்சொத்துக்கள் சரிவரப் பேணப்படவில்லை என்ற புகார்கள் பெருகவே, 1905ல் அரசு சட்டமியற்றி அவற்றை மேற்பார்வையிட வாரியம் அமைத்தது.

சகோதரர்களே! அவர்கள் கடை எங்கிருந்தது என்று இன்று கேட்பாரில்லை. எழுதிவைத்த வக்போ நிற்கிறது. நம்மில் பலர் கூட்டுவியாபாரக் கணக்கைக்கூட எழுதாமல் வாய்ச்சொல்லில் காலந்தள்ளுகிறோம். பிள்ளைகள் கோர்ட்டு வாசலில் நின்றபின் வருந்திப் பயனென்ன? எழுதிவைப்பது பாதிக் காரியம். ஆண்டுதோறும் கணக்குப் பார்க்க நாணயமான இருவரை நியமிப்பது மறுபாதி. ஊரிலுள்ள வீட்டுக்கும் இங்குள்ள கடைக்கும் இவ்விரண்டையும் நாம் இன்றே செய்துவைப்போமாக.

அன்னாருக்கு அல்லாஹ் மஃபிரத் அருள்வானாக. ஆமீன்.