பத்திரிகாசிரியர் கோ. நடேசய்யர்

துரையின் அனுமதியின்றி அந்நியர் ஒருவர் தோட்டத்துக்குள் காலடி வைத்தால் அத்துமீறல் என்று வழக்குத் தொடரக்கூடிய காலம் அது. அக்காலத்தில் தலையில் துணி மூட்டையுடன், புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் நுழைந்தார் ஒருவர். புடவை விற்பது அவர் நோக்கமன்று. லயத்துக் காம்பிராவில் எத்தனை பேர் படுத்துறங்குகிறார்கள், கங்காணியின் கணக்கில் கடன் எவ்வளவு, கையில் மிஞ்சுவது எவ்வளவு என்பதை அறியவே அவர் வந்தார். தஞ்சாவூரில் வர்த்தகமித்திரன் என்ற வியாபாரப் பத்திரிகையை நடத்திவந்த கோதண்டராம நடேசய்யரே அவர். 1915இல் பத்திரிகைக் காரியமாக இலங்கை வந்தவரின் மனத்தில் இந்தத் தோட்டங்கள் குடிபுகுந்துவிட்டன.

சில ஆண்டுகளில் கொழும்பிலேயே குடியேறி, முதலில் தேசநேசனையும், பின்னர் 1924இல் தேசபக்தனையும் நடத்தினார். சென்னையில் திரு. வி. க. நடத்திய பத்திரிகைக்கும் தேசபக்தன் என்றே பெயர். இரண்டையும் வாசகர் குழப்பிக்கொள்ளலாகாது. அதே 1924இல்தான் நமது பதுளைக்கும் ரயில் வந்து சேர்ந்தது என்பதை இளைஞர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நன்று. நமுனுகுலைச் சாரலில் விளைந்த தேயிலை விரைவாகக் கொழும்புக்கு இறங்கத் தொடங்கியது. அதைப் பறித்தவர்களின் குறையும் கொழும்பிலே கேட்கவேண்டும் என்பதே ஐயரின் எண்ணம்.

தோட்டத்தில் துரைதான் சர்க்கார். ஆனால் துரைக்கு மேலே கொழும்பில் ஏஜென்சிக் கம்பெனி இருந்தது. அதற்கும் மேலே லண்டனில் பங்குதாரர் இருந்தனர். தொழிலாளி கொடுக்கும் மனு தோட்டத்து ஆபீசிலேயே மடிந்துபோகும். அச்சேறிய செய்தியை அப்படி மறைக்க முடியாது. 1925 இடைத்தேர்தலில் வென்று சட்டநிரூபண சபைக்குச் சென்றபின் ஐயருக்கு இரண்டு கைகளும் கிடைத்தன எனலாம்: பத்திரிகையில் எழுதியதைச் சபையில் கேட்பார், சபையில் கேட்டதைப் பத்திரிகையில் எழுதுவார். தொழிலாளரின் பெயரால் இலாபம் அடைந்த பெரிய கங்காணிகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. துரைமாருக்கும் கங்காணிமாருக்கும் ஒருங்கே பகையானார். போலீசாரும் அவர்மீது கண்வைத்திருந்தனர்.

1927ஆம் ஆண்டின் சட்டப்படி 1929இல் குறைந்தபட்சக் கூலி நடைமுறைக்கு வந்தது. உயர் மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, சிறுவருக்கு 32. இதை ஒரு பத்திரிகையே வாங்கித் தந்தது என்றால் மிகையாகும். இந்திய அரசாங்கத்தின் நெருக்குதல் அதற்குப் பெருங்காரணம். எனினும் சட்டம் ஏட்டிலிருந்தால் மட்டும் போதுமா? தனக்குச் சேரவேண்டியது எத்தனை சதம் என்று தொழிலாளி அறியவேண்டாமா? அந்த வேலையைத்தான் ஐயரின் எழுத்துச் செய்தது. எழுத்தறியாதவர்களுக்கு அவர் மனைவி மீனாட்சி அம்மையார் பாட்டெழுதிப் பாடிக் காட்டினார். மேடையில் ஒரு பெண் நின்று பாடுவது அன்று சாமானியமான காரியமா? தேசபக்தன் வேலையிலும் அம்மையார் தோள்கொடுத்தார்.

ஐயரிடம் குறைகளும் உண்டு. பல பத்திரிகைகளைத் தொடங்கினார். எதுவும் நீண்டகாலம் நிலைக்கவில்லை. கொழும்புத் தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவுடன் தோளோடு தோள் நின்று உழைத்தவர், இந்தியருக்கு விரோதமான பேச்சு எழுந்தபோது அவரை விட்டுப் பிரிந்தார். இதில் குற்றம் முழுவதும் ஐயருடையதன்று என்பதே எமது கருத்து. 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அட்டனில் நிறுவினார். ஆனால் அதே காலத்தில் உலக வியாபார மந்தம் வந்து, குறைந்தபட்சக் கூலியே வெட்டுண்டது. சங்கமும் தளர்ந்தது. 1936இல் அட்டன் தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது.

1939இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறந்தபின் தோட்டமக்கள் அதன் பக்கம் திரும்பினர். 1947 பொதுத் தேர்தலில் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. பதுளையிலும் அதன் வேட்பாளர் எஸ். எம். சுப்பையா தெரிவானார். ஐயரோ தோற்றார். அவ்வாண்டு நவம்பர் 7ஆம் திகதி காலமானார். மறு ஆண்டே வந்த பிரசாவுரிமைச் சட்டம், அவருடைய வாசகர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது.

பின்னர் நெடுங்காலம் அவர் பெயரே மறைந்து கிடந்தது. பழைய பத்திரிகைகளைத் தேடிப் படித்து, 1980களில் அவருடைய சரிதத்தை நூலாக்கித் தந்தவர் மலையக எழுத்தாளர் சாரல்நாடன். ஐயரைப் பற்றி இன்று நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் அந்த உழைப்பினால் கிடைத்ததே.