லிண்டும் எலுமிச்சைப் பாகும்

நன்மையைக் கண்டறிந்தவரே அதைத் தம் கையால் கெடுக்கவும் கூடும் என்பதற்கு ஜேம்ஸ் லிண்டின் சரித்திரத்தைக் காட்டிலும் தக்க உதாரணம் நாம் அறியோம். இந்நாளில் ரசாயன சாஸ்திரிகள் வைட்டமின் ஸி போன்ற மெல்லிய சத்துக்களைக் கோந்து, மாவு, கொழுப்பு முதலியவற்றாலான நுண்ணிய உறைகளுக்குள் அடக்கி, காற்றும் வெப்பமும் எளிதில் தீண்டாதவாறு உணவிற் சேர்க்கிறார்கள். இவ்வளவு காவல் எதற்கென்று வினவுவோர்க்கு லிண்டின் வாழ்க்கையே விடை கூறும்.

1716-ம் வருஷம் எடின்பரோவில் பிறந்த லிண்ட், 1739-ல் பிரிட்டிஷ் கடற்படையில் ரணவைத்தியரின் உதவியாளராக அமர்ந்தார். அக்காலத்தில் நெடுங்கடல் சென்ற மாலுமிகளுக்குப் பீரங்கியினும் கொடிய பகையாயிருந்தது ஸ்கர்வி நோய். ஈறு அழுகும்; பல் ஆடும்; என்றோ ஆறிய புண் மீண்டும் வாய்திறக்கும். 1740-ல் ஆன்ஸன் தளபதியுடன் புறப்பட்ட ஏறக்குறைய 1,900 பேரில் பெரும்பாலோர் மாண்டனர். அவர்களுள் அநேகரைக் கொன்றது நோயே. ஓய்வூதியம் பெற்றுவந்த கிழவர்களையும் அப்பயணத்தில் கப்பலேற்றியிருந்தார்கள். சர்க்காரின் சிக்கனத்துக்கு எல்லை ஏது?

1747 மே 20-ந் தேதி, ஸாலிஸ்பரி என்னும் கப்பலில் லிண்ட் தமது சோதனையைத் தொடங்கினார். ஒரே நிலையிலிருந்த 12 நோயாளிகளைத் தேர்ந்து, ஒரே இடத்திற் கிடத்தி, ஒரே உணவளித்து, இருவர் இருவராகப் பிரித்தார். ஆப்பிள் மது, கந்தகத் திராவகம் கலந்த மருந்து, காடி, கடல்நீர், பூண்டும் கடுகும் சேர்த்த லேகியம் என ஐந்து ஜோடிகளுக்கு ஐந்துவித சிகிச்சை. ஆறாவது ஜோடிக்குத் தினமும் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும். ஆறே நாளில் பழம் தீர்ந்துவிட்டது. ஆயினும் பழமுண்ட இருவருள் ஒருவர் அதற்குள் வேலைக்குத் தகுதியானார். மற்றவர் ஏனையோருக்குப் பணிவிடை செய்யுமளவு தேறினார். சாட்சிகளை ஒருவரோடொருவர் ஒத்துப்பார்த்தே உண்மை காணப் பழகிய நமக்கு இம்முறை பெரிதும் உவப்பளிக்கிறது.

1753-ல் இவற்றையெல்லாம் நூலாக வெளியிட்டார். பிழையும் அந்நூலிலேயே நுழைந்தது. பழம் கடலில் அழுகும். ஆகவே சாற்றைப் பளபளப்பான மட்கலத்திலிட்டு, கலத்தை வெந்நீரில் இருத்தி, பல மணி நேரம் சூடேற்றிப் பாகாக்கிப் புட்டியில் அடைக்கலாம் என்றார். புளிப்பு நின்றது, மணமும் ஓரளவு நின்றது, நோயைத் தீர்க்கும் சத்தோ வெப்பத்திலும் காற்றிலும் பெரும்பகுதி அழிந்தது. கண்ணுக்கும் நாவுக்கும் புலப்படாத நஷ்டம்! அச்சத்து இன்னதென்று ஸென்ட்-ஜியார்ஜி முதலியோர் நிலைநாட்டியது 1930-களிலேதான். ஆனால் அதை அறியாமலே பாகைச் சோதித்திருக்கலாம். பழத்துக்குச் செய்த பரீட்சையைப் பாகுக்கும் செய்தபின் அவர் சிபாரிசு செய்திருந்தால் எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கும். இக்குறையை நாம் மறைக்க விரும்பவில்லை.

காப்டன் குக் இப்பாகைக் கொண்டு சென்றும் அதனை மெச்சவில்லை. பாகின் தளர்ச்சி பழத்தின் பெயரையும் கெடுத்தது. லிண்டோ 1758 முதல் 1783 வரை ஹாஸ்லர் கடற்படை ஆஸ்பத்திரியில் அதே நோயாளிகளின் நடுவே உழைத்து, 1794-ல் காலமானார். மறு வருஷம், கில்பர்ட் பிளேன் முதலியோரின் வற்புறுத்தலுக்கு இணங்கி, கடற்படை அதிகாரிகள் எலுமிச்சைச் சாற்றை மாலுமிகளுக்கு வழங்கச் சம்மதித்தனர். இம்முறை அதைக் காய்ச்சவில்லை. கெடாதிருக்கச் சிறிது சாராயம் மட்டும் சேர்த்தார்கள்.