மழைக்குட்டையில் கண்ட உலகம்
பாசியியலறிஞர் பேராசிரியர் எம். ஓ. பி. ஐயங்கார் (1886–1963)

வொல்வொக்சையும் ஸ்பைரோகைராவையும் கீறிப் பெயரிட்டுப் புள்ளி வாங்காதவர்கள் எங்களில் உயிரியல் படித்தவர்களுள் இருக்க மாட்டார்கள். யுத்த காலத்தில் உயர்தரம் படித்த நான் அவற்றை நுணுக்குக்காட்டியில் பார்த்ததைவிடப் புத்தகப் படத்தில் பார்த்ததே அதிகம். விஞ்ஞானம் என்பது வசதியுள்ள தூர தேசங்களில் நடப்பது என்றே எண்ணியிருந்தேன்.

மருத்துவபீடத்தில் சட்ட மருத்துவம் படிக்கையில் டயற்றங்கள் மீண்டும் எதிர்ப்பட்டன. நீரில் மூழ்கி இறந்தவரின் என்பு மச்சையில் இந்த நுண்ணிய பாசிகளின் சிலிக்கா ஓடுகள் இருந்தால், அவர் உயிருடன் நீருக்குள் விழுந்தார் என்பதற்கு அது ஒரு சான்றாகலாம். எங்கள் பக்கத்து நீர்நிலைகளில் இவ்வுயிர்களை ஆராய்ந்தவர் யார் என்று தேடியபோதுதான் ஐயங்காரை அறிந்தேன்.

மண்டயம் ஓசூரி பார்த்தசாரதி ஐயங்கார் 1886 இல் சென்னையில் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்றார். சென்னை அரசாங்க நூதனசாலையிலும், பின்னர் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியிலும் பணியாற்றி, 1920 இல் மாநிலக் கல்லூரிக்கே பேராசிரியராகத் திரும்பினார். பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவின் தாவரங்களைப் பற்றி 1927 இல் எழுதினார். ஆனாலும் அவர் மனம் அதிகம் சென்றது நன்னீர்ப் பாசிகளிடமே. அவற்றைத் தேடக் கப்பலோ பெரும் பணமோ தேவையில்லை. குளமும் வயலும் மழைத் தண்ணீர் தேங்கிய பள்ளமும் போதும்.

1930 இல், நாற்பத்து மூன்று வயதில், லண்டன் சென்று பேராசிரியர் எப். ஈ. பிரிச்சிடம் ஆய்வு செய்து கலாநிதிப் பட்டம் பெற்றார். இந்தப் பிரிச் 1903 இல் இலங்கைக்கு வந்து எங்கள் நாட்டு நன்னீர்ப் பாசிகளைச் சேகரித்துச் சென்றவர் என்பது எமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

1932 இல் ஐயங்கார் ஒரு புதிய பாசிச் சாதியை உலகுக்கு அறிவித்து, ஆசிரியரின் நினைவாகப் பிரிச்சியெல்லா எனப் பெயரிட்டார். மழைநீர் வற்றும் சேற்றில் வளர்வது அது. ஒரு பகுதி மண்ணுக்குள் கிழங்குபோலத் தங்கி உணவைச் சேமிக்கும்; மறுபகுதி பச்சை இழைகளாக மேலே எழும். நீர்த்தாவரம் தரைக்கு ஏறிய விதத்தை விளக்க இது நெடுங்காலம் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டது. தரைத்தாவரங்கள் வேறொரு பாசிக் கிளையிலிருந்து வந்தவை எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. ஆயினும் வற்றும் சேற்றில் ஒரு பாசி எப்படிப் பிழைக்கும் என்று காட்டிய அவரது அவதானம் இன்றும் நிற்கிறது.

டயற்றத்தின் ஓடு, மூடியுள்ள ஒரு டப்பா போன்றது. அது பிரிந்து பிரிந்து பெருகும்போது பரம்பரையில் ஒரு பகுதி சிறுத்துக்கொண்டே போகும். பழைய பருமனை மீட்பது வளர்வித்தி என்னும் நிலை. சைக்குளோட்டெல்லா என்ற டயற்றத்தில் இது உருவாகும்போது ஒடுக்கற்பிரிவு நிகழ்வதாக ஐயங்காரும் மாணவர் சுப்பிரமணியனும் 1944 இல் வெளியிட்டார்கள். ஐரோப்பிய ஆய்வாளர்கள் விவாதித்துக்கொண்டிருந்த கேள்விக்குச் சென்னையிலிருந்து சென்ற பதில் அது.

தாம் கண்டதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் ஒரு மாணவர் பரம்பரையையே அவர் உருவாக்கினார். நீலப்பச்சைப் பாசிகள் பற்றி 1959 இல் பெருநூல் எழுதிய தேசிகாச்சாரி அவர் மாணவர். கொடைக்கானல் டெஸ்மிட்டுகள் பற்றிய 1941 ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவரோடு பெயர் சேர்ந்திருப்பவர் விமலாபாய் என்ற பெண்மணி. ஆய்வுகூடத்தில் பெண்கள் அரிதாயிருந்த காலம் அது. 1963 இல் அவர் மறைந்தபோது, இந்தியப் பாசியியலின் தந்தை என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அன்புச் சகோதரிகளே, தென்மராட்சியில் மாரி பிறந்தால் குளமும் வயலும் நிரம்பும். ஒரு துளித் தண்ணீரில் இந்த உலகம் முழுவதும் இருக்கும். நூற்றாண்டு காணும் எமது கல்லூரிக்கு என்ன செய்யலாம் என்று பல நாடுகளிலிருந்தும் கேட்கிறீர்கள். நல்ல நுணுக்குக்காட்டிகள் சிலவற்றை வாங்கிக் கொடுப்போம். படத்தைப் பார்த்துக் கீறிய எங்கள் குறை இன்றைய பிள்ளைகளுக்கு வேண்டாம். தங்கள் ஊர்க் குளத்துத் தண்ணீரைத் தாங்களே பார்த்து அவர்கள் கீறட்டும்.