ரத்தம் ஊற வைத்த சுப்பாராவ்

ரத்த தான முகாமில் ஹீமோகுளோபின் பத்தாமல் திரும்பிப் போகும் நம்ம தோட்டத்து அக்காமார்களைப் பார்த்தால் எனக்கு டாக்டர் எல்லப்பிரகட சுப்பாராவ் ஞாபகம் வரும். 1895-இல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தவர். துறவியாகப் போக நினைத்தவரை ராமகிருஷ்ண மடத்தார்தான் மருத்துவம் படிக்கச் சொன்னாங்க. அண்ணனை ஸ்ப்ரூ எனும் குடல் நோய் கொண்டுபோயிருச்சு. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கி போட்டது வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கல, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ்.தான் கொடுத்தாங்க. (இப்படி நடந்தா நான் படிப்பையே விட்டிருப்பேன்.) பாஸ்டனுக்குக் கப்பலேறி, ஆஸ்பத்திரியில் இரவு எடுபிடி வேலை பார்த்துக்கிட்டே ஆராய்ச்சி செய்தார். சிவப்பணு உருவாகத் தேவையான ஃபோலிக் அமிலத்தை லெடர்லியில் அவர் குழு 1945-இல் தயாரித்தது. கர்ப்பிணிகள் சாப்பிடும் மாத்திரை அதுதான். அண்ணனைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கும் அதுவே மருந்தாச்சு. 1948-இல், 53 வயதில் நியூயார்க்கில் இறந்தார். நோபல் பரிசு எதுவும் வரல.