என்புகளைச் சான்று கேட்ட ஹக்ஸ்லி

டார்வினுக்காக வாதாடியவர் என்ற அளவிலேயே தோமஸ் ஹென்றி ஹக்ஸ்லியின் பெயர் நம்மிற் பலருக்கு அறிமுகமாகியுள்ளது. வழக்காடுவோன் தன் கட்சிக்கு உதவுவதையே தேடுவான். ஹக்ஸ்லியோ தம் கட்சிக்குச் சான்று போதாதவிடத்து, போதாது என்று வெளிப்படையாக உரைக்கும் இயல்பினர். உயிரினங்கள் முன்னோரிலிருந்து மாறி மாறிக் கூர்ப்படைந்து வந்தன என்னுங் கொள்கைக்கு, உடற்கூற்றிலும் உயிர்ச்சுவடுகளிலும் அவர் கண்ட சான்றுகள் பெரும்பாலும் இன்றளவும் நிலைத்து நிற்பதற்கு இவ்வியல்பே காரணம் என்பது எம் துணிபு.

இலண்டனுக்கு மேற்கே அந்நாளிற் சிற்றூராயிருந்த ஈலிங்கில் 1825 ஆம் ஆண்டு மே மாதம் 4 ஆம் நாள் ஹக்ஸ்லி பிறந்தார். தந்தையார் கணித ஆசிரியர். ஆயினும் மைந்தன் பள்ளி சென்றது ஏறக்குறைய ஈராண்டுகளே. வறுமையில் வளர்ந்த அச்சிறுவர் ஜேர்மன் மொழியையும் தாமே கற்றுக்கொண்டார். பொறிகள் செய்யும் தொழிலிலேயே அவருக்கு நாட்டம். காலமோ அவரை மருத்துவத்தின்பாற் செலுத்தியது. சாரிங் குறொஸ் வைத்தியசாலையில் உதவிப்பணம் பெற்றுப் படித்துவந்த காலத்தில், மயிர்வேரைச் சூழ்ந்த உறையில் அதுவரை எவரும் அறியாத ஒரு படையைக் கண்டு 1845 இல் வெளியிட்டார். அப்படை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. அப்போது அவருக்கு வயது இருபது.

பட்டத்தை முடிக்காமலே கடற்படையிற் சேர்ந்து, 1846 இன் இறுதியில் றற்றில்ஸ்நேக் என்னும் அளவைக் கப்பலில் உதவிச் சத்திரவைத்தியராக அவுஸ்திரேலியக் கடல்களுக்குச் சென்றார். வலையில் அகப்பட்ட சொறிமுட்டைகளைக் கப்பலின் ஒடுங்கிய அறையிலே அறுத்துப் பார்த்து, அவற்றின் உடல் இரண்டு படைகளாலேயே ஆனது என்றும், அவ்விரண்டும் உயர்ந்த விலங்குகளின் முளையத்திற் காணும் படைகளை ஒத்தன என்றும் எழுதி அனுப்பினார். 1850 இல் அவர் நாடு திரும்புமுன்னரே அக்கட்டுரை அச்சேறிவிட்டது. மறு ஆண்டில் றோயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. புகழ் வந்தது, ஊதியம் வரவில்லை. சிட்னியிற் கண்டு காதலித்த ஹென்றியெற்றா ஹீதோர்ன் அம்மையாரை 1855 வரை மணக்க இயலாது காத்திருந்தார்.

1854 இல் இலண்டன் சுரங்கக் கல்லூரியில் ஆசிரியப் பதவி கிடைத்தது. அப்பதவியோடு உயிர்ச்சுவடுகளை ஆராயும் கடமையும் சேர்ந்து வந்தது. அவற்றில் அவருக்குச் சிறிதும் விருப்பமில்லை. சில காலம் மட்டுமே அதனைச் செய்வதென்று எண்ணி ஏற்றார். பின்னர் வாழ்நாளின் பெரும்பகுதியை அவற்றோடு கழித்தமை விந்தையே.

1859 இல் டார்வினின் நூல் வெளிவந்தது. ஹக்ஸ்லி அதனைப் பெரிதும் வரவேற்றார். ஆயினும், செயற்கைத் தெரிவினால் தம்முட் கலந்து ஈனாத இரு வகைகளை உண்டாக்கிக் காட்டும்வரை இயற்கைத் தெரிவு முற்றாக நிறுவப்பட்டதாகாது என்றும் சொல்லத் தயங்கினாரல்லர். 1860 ஆம் ஆண்டு யூன் 30 இல் ஒக்ஸ்போர்டில் பேராயர் வில்பர்போஸுடன் நிகழ்ந்த சொற்போரைப் பற்றிப் பலரும் சுவைபடக் கதைப்பர். அங்கே சொல்லப்பட்டதைச் சொல்லுக்குச் சொல் எவரும் அன்றே பதிந்திலர். கேட்டோர் நினைவுகளோ ஒன்றோடொன்று முரணுகின்றன. எனவே அதனை விரித்தல் வேண்டா.

அவ்வாண்டு செப்டெம்பரில், நான்கு வயது நிரம்பாத தலைமகன் நோயல் செங்காய்ச்சலால் இறந்தான். ஆறுதல் கூறி எழுதிய பாதிரியார் கிங்ஸ்லிக்கு, மறுமையை மறுக்கவும் இல்லை, சான்றின்றி ஏற்கவும் இல்லை என்ற கருத்தில் நீண்ட கடிதம் வரைந்தார். இந்நிலைக்கெனப் புதுச்சொல் ஒன்றை 1869 இல் அவரே ஆக்கினார். அவர் கொள்கையை நாம் ஏற்கலாம், மறுக்கலாம். பெருந்துயரத்திலும் அளவுகோலை மாற்றாத அந்நெஞ்சுரம் வணங்கத்தக்கது.

அக்காலத்து உடற்கூற்று அறிஞருள் முதல்வராய் விளங்கியவர் றிச்சட் ஓவன். மூளையின் பின்மடல், அதன் உள்ளறையின் பின்கொம்பு, அவ்வறையுள் எழும் சிறு கடற்குதிரை என்னும் மேடு ஆகிய மூன்றும் மனிதனுக்கே உரியன என்று அவர் 1857 இல் உரைத்திருந்தார். ஹக்ஸ்லி குரங்குகளின் மூளைகளை அறுத்து மூன்றையும் காட்டினார். 1862 இல் கேம்பிறிட்ஜ் மாநாட்டில் பிளவர் என்பார் கூடியிருந்தோர் முன்னிலையில் மூளையை அறுத்து அதனையே மெய்ப்பித்தார்.

மறு ஆண்டு வெளிவந்த, இயற்கையில் மனிதனின் இடம்பற்றிய ஹக்ஸ்லியின் நூலில் காலைப்பற்றிய பகுதி ஒன்றுண்டு. மாணவர் அதனை ஊன்றிப் படித்தல் நன்று. குரங்குகளுக்குக் கைகள் நான்கு என்பது அன்றைய வழக்கு. கொரில்லாவின் பின்னவயவத்தை அறுத்த ஹக்ஸ்லி, பெருவிரல் எதிர்த்து மடங்குவதனால் மட்டும் அது கையாகிவிடாது என்றார். கணுக்கால் என்புகளின் ஒழுங்கு, விரல்களை மடக்கும் குறுந்தசை, நீட்டும் குறுந்தசை, உள்ளங்காலைக் குறுக்கே கடக்கும் நீள்தசை ஆகியன காலுக்கே உரிய அடையாளங்கள். அவையனைத்தும் கொரில்லாவில் உள. ஆகவே அது பற்றும் ஆற்றல் வாய்ந்த ஒரு கால். உறுப்புறுப்பாக ஒப்பிட்டு, மனிதனுக்கும் கொரில்லாவுக்கும் உள்ள வேற்றுமையிலும், கொரில்லாவுக்கும் தாழ்ந்த குரங்குகளுக்கும் உள்ள வேற்றுமையே பெரிது என்று நிறுவினார்.

அந்நூலிலேயே, 1856 இல் ஜேர்மனியின் நேயாந்தர் பள்ளத்தாக்கிற் கிடைத்த மண்டையோட்டையும் ஆராய்ந்தார். புருவமேடுகள் குரங்கை நினைவூட்டின. மனிதனையும் குரங்கையும் இணைக்கும் கண்ணி என்று முழங்கியிருந்தால் தம் கட்சிக்கு எத்துணை வலிமை! அவரோ அதன் கொள்ளளவைக் கண்டு, அது மனித மண்டையே, இடைநிலை உயிரினது அன்று என்றார். நேயாந்தர் மனிதரின் மரபணுக் கூறுகள் இன்றைய மக்களிற் பலரிடம் உள்ளமை 2010 இல் வெளியாயிற்று.

பறவைகளின் தோற்றம்பற்றிய ஆராய்ச்சியும் என்புகளிலேயே தொடங்கிற்று. 1861 இல் பவேரியாவின் சுண்ணக்கல்லில், இறகும் நீண்ட என்பு வாலும் நகமுள்ள விரல்களும் ஒருங்கே கொண்ட ஆர்க்கியொப்டெரிக்ஸ் வெளிப்பட்டது. பறவையினத்தில் ஊர்வனவற்றின் சாயல் கண்டாயிற்று. ஊர்வனவற்றிற் பறவையின் சாயல் உண்டோ என ஹக்ஸ்லி வினவினார். 1867 இல் ஒக்ஸ்போர்ட் அரும்பொருட்சாலையில் மெகலோசோரஸ் என்னும் பெரும் தைனோசரின் என்புகளைப் பார்த்தபோது, தோட்பகுதி என வைக்கப்பட்டிருந்த ஒன்று உண்மையில் இடுப்பென்பு என்றும், அது பறவையின் இடுப்பென்பை ஒத்தது என்றும் கண்டார். கோழியளவினதான கொம்ப்சொக்நாதஸையும் ஒப்பிட்டார். முட்டையில் அரைகுறையாய் வளர்ந்த கோழிக்குஞ்சின் இடுப்பும் காலும் பெருத்துக் கல்லாகக் கிடைத்தால், அவற்றைத் தைனோசரின்பாற் சேர்க்கத் தடையேதும் இராது என்பது அவர் கருத்து. தைனோசர்களுக்குக் காறையென்பு இல்லை எனக் கருதப்பட்டமையால், 1926 இன் பின் இக்கொள்கை பல்லாண்டு ஒதுக்கப்பட்டது. 1970 களில் ஜோன் ஒஸ்ற்றம் அதனை மீட்டார். 1996 இல் சீனாவிலிருந்து மென்றூவி போர்த்த தைனோசரே வெளிவந்தது.

குதிரையின் வரலாறு ஹக்ஸ்லியின் பண்பை இன்னுந் தெளிவாகக் காட்டும். குதிரையின் கால் நடுவிரல் ஒன்றின் நீட்சியே. குளம்பு அதன் நகம். இரு பக்கமும் ஒட்டிக்கிடக்கும் மெல்லிய என்புகள் மறைந்த விரல்களின் எச்சம். இதனை அறிந்திருந்தும், 1862 இல் புவியியற் சங்கத்தில் உரையாற்றியபோது, உயிரினங்கள் படிப்படியாக மாறியமைக்கு உயிர்ச்சுவடுகள் நேரான சான்று தருவன என்பதை அவர் ஒப்பவில்லை. 1870 இல் அதே சங்கத்தின் தலைமைப் பீடத்திலிருந்து அக்கருத்தைத் திருத்தி, ஐரோப்பாவிற் கிடைத்த மூவிரற் குதிரையினங்களை வரிசைப்படுத்திக் காட்டினார். 1876 இல் அமெரிக்கா சென்று யேல் பல்கலைக்கழகத்தில் மார்ஷ் என்பாரின் சேகரிப்பைக் கண்டார். ஒவ்வொரு படிநிலைக்கும் சான்று கேட்க, மார்ஷ் பெட்டி பெட்டியாக என்புகளை வருவித்துக் காட்டினாராம். குதிரையினம் தோன்றியது ஐரோப்பாவில் அன்று, அமெரிக்காவிலே என ஹக்ஸ்லி ஒப்புக்கொண்டு, நியூயோர்க்கில் ஆற்றவிருந்த உரையை மாற்றி அமைத்தார். முன்காலில் நான்கு விரல்களோடு ஐந்தாவதன் எச்சமும் கொண்ட முன்னோர் ஒன்று இன்னும் பழைய பாறைகளிற் கிடைக்கும் என்றும் அவ்வுரையில் எதிர்வு கூறினார். இரண்டு திங்களுக்குள் மார்ஷ் அத்தகையதொன்றை விவரித்து எயோஹிப்பஸ் எனப் பெயரிட்டார். குதிரையின் வமிசம் ஏணிபோல் நேரானதன்று, கிளைத்துப் படர்ந்த புதர் என்பது பின்வந்தோர் செய்த திருத்தம்.

குறையையும் சொல்லியாதல் வேண்டும். 1865 இல் அடிமை ஒழிப்பை வரவேற்று எழுதிய கட்டுரையிலேயே, கறுப்பின மக்கள் அறிவிலே வெள்ளையருக்கு நிகராகார் என்றும் எழுதினார். எதற்கும் சான்று கேட்டவர் இங்கே கேட்டிலர்.

தொழிலாளருக்குக் குறைந்த கட்டணத்தில் விரிவுரை ஆற்றினார். இலண்டன் கல்விச் சபையில் இருந்தார். 1870 களில் தென் கென்சிங்ரனில் மாணவர் தம் கையாலேயே அறுத்துப் பார்த்துக் கற்கும் முறையை நிலைநாட்டினார். நம் ஆய்வுகூடங்களில் தவளையை மெழுகுத் தட்டில் விரித்து வைத்துப் படித்தோர் அனைவரும் அம்முறையின் வழிவந்தோரே.

1895 ஆம் ஆண்டு யூன் 29 இல் ஈஸ்ற்போணில் ஹக்ஸ்லி காலமானார். நோயல் இறந்தபோது இலண்டனின் பின்ச்லி இடுகாட்டில் வாங்கிய சிறு நிலத்திலே, அம்மகனின் அருகில் அவரை அடக்கஞ் செய்தனர்.