இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார்

சென்னையினின்று கடற்கரை வழியே தெற்கு நோக்கிச் செல்வோர்க்குச் செய்யூர்ப் பகுதியைக் கடந்தவுடன் நிலத்தின் தோற்றம் மாறுவது புலனாகும். கீழ்த்திசையிற் கடல்; மேற்றிசையில் உப்பங்கழி; இரண்டிற்கும் நடுவே பனையும் தென்னையும் செறிந்த ஒடுங்கிய மணல்நிலம். கடலுக்கும் கழிக்கும் இடையே கிடத்தலின் இந்நிலம் இடைக்கழிநாடு என்னும் பெயர் பெற்றது. இதற்குத் தெற்கே மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளிய பாத்திகளாய் நெடுந்தொலைவு பரந்து கிடக்கின்றன. இந்நாட்டு ஊர்களுள் ஒன்று நல்லூர். அவ்வூரிற் பிறந்து, பாட்டு ஒன்றினாலேயே அழியாப் புகழ் எய்தியவர் நத்தத்தனார்.

தத்தனார் என்பது இவர்தம் இயற்பெயர். முன்னின்ற நகரம் சிறப்புப் பொருள் தருவது. கீரனார் நக்கீரனார் எனவும், பூதனார் நப்பூதனார் எனவும் வழங்கப்பெற்றாற்போல, தத்தனார் நத்தத்தனார் ஆயினார் என்க. பத்துப்பாட்டுள் மூன்றாவதாக நிற்கும் சிறுபாணாற்றுப்படை இவர் இயற்றியது. 269 அடிகளை உடைய அப்பாட்டே இவர்தம் வாழ்வையும் உள்ளத்தையும் நமக்குக் காட்டும் கண்ணாடியாகும். கடையெழு வள்ளல்கள் எழுவரையும் முன்னாள் வாழ்ந்து மறைந்தோராக வைத்துப் பாடுதலின், இவர் அவர்கட்குப் பிற்பட்டவர் என்பது தெளிவு. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும், மயிலுக்குப் போர்வை அளித்த பேகனையும் இன்று சிறுவரும் அறிவர் எனின், அவ்வறிவிற்கு இப்பாட்டும் ஒரு பெருங்காரணமாகும்.

நத்தத்தனார் பிறந்த நாட்டின் செல்வம் உப்பு. கழிநீரை வாய்க்கால் வழியே பாத்திகளிற் பாய்ச்சி, வெயிலிற் காயவிட்டு, நீர் சுண்டச் சுண்ட அடுத்த பாத்திக்கு மாற்றி, கடைப்பாத்தியில் உப்புப் பூத்தபின் பலகையால் வாரிக் குவிப்பது அத்தொழிலின் முறை. நெல் விளைப்போர் மழைக்கு ஏங்குவர்; உப்பு விளைப்போரோ மழைக்கு அஞ்சுவர். பல நாள் உழைப்பு ஒரு நாள் மழையிற் கரைந்துபோம். பண்டைக் காலத்தில் இவ்வுப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாட்டிற்குக் கொண்டுசென்றோர் உமணர் எனப்பட்டனர். மனைவி மக்களோடு வண்டிகளை வரிசையாக ஓட்டிச் சென்று, ஊர்தோறும் உப்பைக் கொடுத்து நெல்லைப் பெறுவது அவர் வழக்கம். நெடுவழியில் அச்சு முறிதலும் கூடுமென்று மாற்றச்சு ஒன்றையும் உடன்கொண்டு செல்வர். நத்தத்தனாரும் தம் பாட்டில் கொற்கையைப் பாடுமிடத்து இவ்வுமணரை மறந்திலர். அவர்தம் வண்டியோடு வந்த மந்தியொன்று, முத்தை அடக்கிய சிப்பியைக் கிலுகிலுப்பையாகக் கொண்டு, உமணரின் பிள்ளைகளோடு கூடி விளையாடுகின்றது. முத்தின் விலை அறியாக் குழந்தையும் குரங்கும் அதனை ஒலிக்கச் செய்து மகிழும் அக்காட்சியை, உப்பு வண்டிகளைக் கண்டு வளர்ந்தவரன்றி ஏனையோர் எண்ணிப் பார்த்தல் அரிது.

இனி, நத்தத்தனார் காலத்தில் இக்கடற்கரையை உள்ளிட்ட ஓய்மானாட்டை ஆண்டவன் நல்லியக்கோடன். மூவேந்தரை நோக்க இவன் சிறிய தலைவனே. புறநானூற்றிலும் புறத்திணை நன்னாகனார் என்னும் புலவர் இவனைப் பாடியுள்ளார். இவனிடம் பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன், வறுமையுற்று வழியில் வரும் மற்றொரு பாணனைக் கண்டு, அவனையும் இவன்பால் ஆற்றுப்படுத்துவதாக நத்தத்தனார் தம் பாட்டை அமைத்தார். தான் பெற்றதைப் பிறரும் பெறுக என்று வழிகாட்டுவதே ஆற்றுப்படையின் இலக்கணம். சிறிய யாழை இசைப்போர் சிறுபாணர். அவர்க்கு உரியதாதலின் இது சிறுபாணாற்றுப்படை ஆயிற்று.

பாட்டினுள் வஞ்சியும் மதுரையும் உறையூரும் முறையே புகழப்பெறுகின்றன. ஆயினும் நல்லியக்கோடன் தரும் பரிசிலை நோக்க அம்மூன்றும் வறியனவே என்று முடிகின்றது. சிறிய தலைவனொருவனுக்காக மூன்று பேரரசுகளையும் தாழ்த்தியது மிகையன்றோ எனின், மிகையே. ஆயினும் அம்மூன்று ஊர்களின் வளத்தையும் ஒளிக்காது விரித்துரைத்த பின்னரே புலவர் அவ்வாறு கூறுகின்றார். வளம் வேறு, வழங்கும் மனம் வேறு என்பது அவர் கருத்து. அது வெறும் முகமன் அன்று என்பதற்குச் சான்றாக, பரிசில் பெற்ற பாணன் தன் பழைய அடுக்களையைப் பற்றிக் கூறும் பகுதி நிற்கின்றது.

அவ்வடுக்களையில் அண்மையில் ஈன்ற நாயொன்று கிடக்கின்றது. கண் திறவாத குட்டிகள், பால் இல்லாத முலையைப் பற்றி இழுக்க, அவ்வேதனை தாங்காது அந்நாய் குரைக்கின்றது. கூரை மரங்கள் கழன்று விழுகின்றன. பழஞ்சுவரைக் கறையான் அரிக்க, அப்புழுதியிற் காளான் முளைத்திருக்கின்றது. அடுப்பு எரியும் வீட்டிற் காளான் முளைத்தல் உண்டோ? பசியால் இடை மெலிந்த பாணன் மனைவி, குப்பை மேட்டில் தானே முளைத்த வேளைக்கீரையை நகத்தாற் கிள்ளி வந்து வேகவைக்கின்றாள். அதில் இடுவதற்கு உப்பு இல்லை. வெந்த அக்கீரையைச் சுற்றத்தார் அனைவரும் கூடி உண்ண வேண்டும். வறுமையை எள்ளும் அறிவிலார் காண நேருமே என நாணி, அவள் வாயிற்கதவை அடைத்துவிடுகின்றாள்.

உப்பு மலைமலையாகக் குவியும் நாட்டிற் பிறந்த புலவர், வறுமையின் எல்லையைக் காட்ட உப்பின்மையையே தேர்ந்தெடுத்தமை எண்ணத்தக்கது. நெல் இல்லை, நெய் இல்லை என்று அடுக்கியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்திலர். கழிக்கரையில் வாழ்வோர்க்கு உப்பைவிட எளிய பொருள் இல்லை. அதுவும் இல்லை என்றபின் சொல்வதற்கு வேறொன்றும் இல்லையன்றோ? பசியைக் காட்டிலும் கதவடைத்த நாணமே அக்குடும்பத்தைப் பெரிதும் வருத்தியது என்பதனையும் அவர் உணர்ந்து பாடியுள்ளார். மன்னரைப் புகழும் பாட்டொன்றில் ஓர் ஏழையின் அடுக்களைக்கு இத்துணை இடம் அளித்த புலவர் மிகச் சிலரே.

இவ்வறுமை தீர்ந்தமையைக் கூறிய பின்னர், பாணன் வழியைச் சொல்லத் தொடங்குகின்றான். எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் என்பன வழியிலுள்ள ஊர்கள். எயில் என்பது மதிலைக் குறிக்கும் சொல். எயிற்பட்டினமே இன்றைய மரக்காணம் என்றும், வேலூர் என்பது உப்புவேலூர் என்றும், கிடங்கில் திண்டிவனத்தை அடுத்த கிடங்கல் என்றும் அறிஞர் கூறுவர். மரக்காணத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவு இருக்கும். பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்திற் சென்றுவிடலாம். ஆயின் ஊர் எதுவும் கண்ணிற் படாது. பிரெஞ்சு நாட்டில் மிதிவண்டியில் மெல்ல மெல்லச் சென்று, ஊர்தோறும் தங்கி, அவ்வவ்வூர் உணவைச் சுவைத்து மகிழும் பயணத்தை மக்கள் இன்றும் விரும்பி மேற்கொள்கின்றனர். நத்தத்தனார் காட்டும் பயணமும் அத்தகையதே. வண்டி ஒன்றுதான் இல்லை. பருக்கைக் கற்கள் நிறைந்த வழியில் நடந்து வந்த விறலியரின் அடிகள், ஓடி இளைத்த நாயின் நாவைப்போலச் சிவந்து வருந்துகின்றன. அவர்கள் மரநிழலில் அமர, உடன்வந்த இளைஞர் அவ்வடிகளை மெல்ல வருடுகின்றனர்.

முதலிற் கடற்கரை. தாழை மலர் அன்னம்போலத் தோன்றுகின்றது. செருந்தி பொன்னை ஒக்கின்றது. புன்னையின் அரும்புகள் முத்தெனக் கிடக்கின்றன. அலைகள் கொணர்ந்து ஒதுக்கிய அகிற்கட்டைகள், ஒட்டகங்கள் படுத்து உறங்குவனபோலக் கரையிற் கிடக்கின்றன. பரதவர் அக்கட்டைகளையே விறகாக்கி எரிக்கின்றனர். அரசர் மாளிகையில் நறும்புகைக்கு உரிய அகில், இங்கே மீனவர் அடுப்பில் எரிகின்றது! நுளைமகள் வடித்த பழைய தேறலோடு, சுட்ட குழல்மீனையும் அவர்கள் பாணர்க்குத் தருகின்றனர்.

அடுத்தது வேலூர். அங்கே எயினர் குலப் பெண்டிர் புளியிட்டுச் சமைத்த சூடான சோற்றையும், காட்டுப்பசுவின் சுட்ட இறைச்சியையும் இடுகின்றனர். ஆமூரில் உழவர் வாழ்கின்றனர். உலக்கையின் இரும்புப் பூண் தேயும்படி குற்றிய அரிசியால் ஆக்கிய வெண்சோறும், நண்டுக் கறியும் அங்கே கிடைக்கும். நிலம் மாற உணவும் மாறுகின்றது; ஆயின் வழிப்போக்கனுக்கு இடும் வழக்கம் மட்டும் எவ்விடத்தும் மாறவில்லை. இவர்கள் எவரும் வள்ளல்கள் அல்லர். மீன் பிடிப்போரும் வேட்டையாடுவோரும் ஏர் உழுவோருமே. மன்னன் பரிசில் கிட்டுவதற்கு முன்னரே, எளியோர் கையால் பாணன் வயிறு நிறைந்துவிடுகின்றது.

இறுதியாகக் கிடங்கில். பொருநரோ, புலவரோ, அந்தணரோ யார் வரினும் நல்லியக்கோடன் மாளிகை வாயில் அவர்க்கு அடைக்கப்படுவதில்லை. நாணத்தால் மூடிய கதவு ஒன்றை முன்னே காட்டிய புலவர், என்றும் மூடாத கதவு ஒன்றை இங்கே காட்டுகின்றார். உள்ளே சென்ற பாணர்க்கு மெல்லிய ஆடை தந்து, வீமன் இயற்றியதாகக் கூறப்படும் சமையல் நூலின் நெறி வழுவாது ஆக்கிய பலவகை உணவைப் பொற்கலத்தில் இட்டு, நல்லியக்கோடன் தானே அருகில் நின்று உண்பிக்கின்றான். ஏவலாளர் பலர் இருந்தும் அரசனே நின்று பரிமாறுவதற்குக் காரணம், வந்தோர் மனம் கூசுதல் கூடாது என்பதே. பின்னர், தச்சர் கைத்திறம் முற்றச் செய்து ஓட்டிப் பார்த்துத் தேர்ந்த வண்டியை, வலிய எருதுகளோடும் ஓட்டுபவனோடும் அளிக்கின்றான். கால் நோவ நடந்து சென்றவன் வண்டி ஏறித் திரும்புகின்றான். இவையெல்லாம் அன்றைக்கே நிகழும், நாள் கடத்துதல் அவனிடம் இல்லை என்று பாணன் உறுதி கூறுவதோடு வழி கூறுதல் முற்றுப்பெறுகின்றது.

பல நூற்றாண்டுகள் இப்பாட்டு ஓலைச் சுவடிகளிலேயே வாழ்ந்தது. நச்சினார்க்கினியர் இதற்கு உரை எழுதினார். கறையானுக்கும் ஈரத்திற்கும் தப்பிய ஏடுகளை ஊரூராகச் சென்று தேடி ஒப்புநோக்கி, உ. வே. சாமிநாதையர் 1889-ஆம் ஆண்டில் பத்துப்பாட்டை அவ்வுரையோடு அச்சிற் பதிப்பித்தார். நல்லியக்கோடன் மாளிகை இன்று இல்லை. நல்லூர் அப்பெயரோடே கழிக்கரையில் இருக்கின்றது. அதன் தெற்கே மரக்காணத்து அளங்களில் கோடைதோறும் உப்பு விளைகின்றது.